காற்றுக்குழாயில் திறந்து கிடந்த தகடு

மார்ச் 3
சமையலறைக் காற்றுக்குழாய்க்கு டாம்பர் தேடிக்கொண்டிருக்கிறேன். உள்ளிருந்து போகும் காற்றுக்குத் திறக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் காற்றுக்கு மூட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கே எத்தனை வகை! ஒற்றைத் தகடு தன் எடையில் விழுந்து மூடும். காற்றடித்தால் கடகடவென்று உயிரை வாங்கும். ரப்பர் பை மாதிரி ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தகடு சத்தமே போடாது. குளியலறை ஃபேனுக்குப் பின்னால் நானே மாட்டியது அதுதான். இங்கும் அதையே போட்டுவிடலாம்.

மார்ச் 6
சாயங்காலம் அத்தான் குளித்துவிட்டு வந்ததும் குளியலறைக்குள் போனேன். சிகரெட் நாற்றம். நேற்றும் இருந்தது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த மனிதர்! இனித் தொடவே மாட்டேன் என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னவர். உடம்பு தேறட்டும் என்றுதான் இருவரையும் என் வீட்டில் வைத்திருக்கிறேன். இவர் குளியலறை ஃபேனைக்கூடப் போடுவதில்லை, அந்தச் சத்தம் தலையை வலிக்கிறதாம்.

மார்ச் 7
அக்காவிடம் சொல்லிவிட்டேன். "சத்தியமா இல்லம்மா" என்றார் அத்தான் அவளிடம். "அப்ப புகை என்ன, சுவத்துலேர்ந்தா வருது?" என்று கேட்டேன்.

மார்ச் 8
ஒப்புக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு." அக்கா அழுது தீர்த்தாள். நான் சொன்னது சரியாகப் போயிற்று.

மார்ச் 10
அக்கா அவருக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

மார்ச் 14
சமையலறைக்கு அளவு பார்க்கக் குளியலறை ஃபேனைக் கழற்றினேன். டாம்பரின் மேல் தகடு சரிந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கீல் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். நான் படுக்க வைத்து மாட்டியிருக்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வழியாக வந்தது சிகரெட் புகை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அச்சகத்து ஆட்கள் வேலை முடிந்து நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஃபேன் போட்டுக்கொண்டு குளிப்பேன். புகை உள்ளே வராது. அவர் போட மாட்டார். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்... அந்த மனுஷன் ஏன் ஒத்துக்கிட்டார்?

போய்க் கேட்டேன். "இல்லைன்னேன், நீங்க ரெண்டு பேரும் நம்பல மச்சான். ஆமான்னு சொன்ன பிறகுதான் அவ அழுது முடிச்சுத் தூங்கினா." என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 15
அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "நீ சொன்னதும் நம்பினேன். அவர் சொன்னதை நம்பலையே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. வெட்கக்கேடு.

மார்ச் 16
டாம்பரைத் திருப்பி மாட்டினேன்.

மார்ச் 22
அத்தான் நடந்துவிட்டு வந்தார். அக்கா கதவைத் திறந்தாள். அவர் வாசலிலேயே நின்று, குனிந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். அவரை நம்பாத அந்த நாட்களில் இப்படி நிறுத்தி முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாளாம். எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"வேணாங்க, இனிமே வேணாம்" என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"பழகிடுச்சும்மா" என்றார், கோபமே இல்லாமல். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.