சம்பந்தி வீட்டுப் பேனா

மார்ச் 3
இந்த வாய் சும்மா இருக்கக் கூடாதா? மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை வீட்டுக்குப் போன இடத்தில், சம்பந்தி ஒரு பழைய கறுப்பு மைப்பேனாவைக் காட்டினார். "இருபது வருஷமா எழுதல. பதிவுத் திருமணத்தன்னிக்குப் பிள்ளைங்க இதுலதான் கையெழுத்துப் போடணும்னு எனக்கு ஒரு ஆசை."

"குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்" என்றேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குப் பேனாவைப் பற்றி என்ன தெரியும்? சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்திரம்." அவ்வளவுதான் சொன்னார். மகள் வாழப் போகிற வீடு. பயமாக இருக்கிறது.

மார்ச் 6
எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. நிப்பில் 14 என்ற எண் மட்டும். கழுத்தைத் திறந்து மை ஊற்றினேன். வால்பக்கமாக ஒழுகிப் புடவையெல்லாம் நீலம். சம்பந்தியையே கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போகுமே!

வாலில் எதற்கு ஓட்டை? கடை லென்ஸை வைத்துப் பார்த்தேன். மயிரிழை அளவுக்கு ஒரு மூட்டு. லேசாகச் சூடுகாட்டித் திருகினால், உள்ளே பித்தளைப் பொத்தான்! இது மை ஊற்றுகிற பேனாவே இல்லை. பொத்தானை அமுக்கி விட்டால் உள்ளேயிருக்கும் ரப்பர் பை தானே மையை உறிஞ்சிக்கொள்ளும். பழைய பை தூள்தூளாகக் கொட்டியது.

மார்ச் 9
பேனாக்கடைக்காரர் தந்த புதுப் பையை அரக்கு வைத்து ஒட்டினேன். காய வேண்டும்.

மார்ச் 10
எழுதுகிறது! இந்த வரியே அதில்தான்.

மார்ச் 11
ஐயோ. கீறலைக் கண்டால் தேய்க்கிற புத்தி எனக்கு. பேனாவின் உடம்பைப் பளபளவென்று தேய்த்து முடித்த பிறகு, முதல் நாள் எடுத்த போட்டோவை மகள் பெரிதாக்கிக் காட்டினாள். "அம்மா, அது கீறல் இல்லம்மா. யார் பேரோ செதுக்கியிருக்கு."

போட்டோவில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. சம்பந்தியோட அப்பா பேரா இருந்தா? அந்தம்மா பத்திரம்னு சொன்னாங்களே — பெத்த பொண்ணு தலையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனா?

"பேசாம குடுத்துடும்மா, கவனிக்க மாட்டாங்க" என்கிறாள். மாட்டேன். சொல்லியாகணும்.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்பு — கண்ணில் தண்ணீர் வரும் வரை.

"அது இவரோட பழைய மேனேஜர் பேரு! கையெழுத்துப் போட அவர்கிட்ட வாங்கினதை இவரு திருப்பியே குடுக்கல. அந்தப் பேரை அழிச்சுத் தொலைங்கன்னு முப்பது வருஷமா கத்துறேன்."

"அவரும்தான் கேக்கவே இல்லையே" என்றார் சம்பந்தி, அசடு வழிய.

மார்ச் 28
பதிவுத் திருமணத்தில் பேனா திக்காமல் எழுதியது. பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள், நாங்கள் போட்டோம், கடைசியில் பதிவாளர் போட்டார். போட்டவர் பேனாவை மூடித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். அவர் எந்த முகத்தோடு கேட்பார்?

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார். "நம்ம பேனா அண்ணி. நீங்களே போய்க் கேளுங்க."

கேட்டு வாங்கிவிட்டேன். இதையும் அதில்தான் எழுதுகிறேன். நாளைக்குக் கட்டாயம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.