கையில் திணித்த சாவி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் வேலைதான் ஓய்வதில்லை.

நேற்று பொம்மனஹள்ளி பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாயில் தண்ணீரை ஊற்றி, கையில் சாவியைத் திணித்திருக்கிறார்கள்! புரையேறி உதடு நீலமாகிவிட்டது. தொண்டையில் நின்றதை உறிஞ்சி எடுத்து, ஆக்ஸிஜன் வைத்துக் காப்பாற்றினோம்.

அதற்குள் ஒருவர் ஓடிவந்தார். "மேடம், என் பைக் சாவி அவர் கையில இருக்கு, வாங்கிக் குடுங்க."

"ஆள் எப்படி இருக்காருன்னு கேக்க மாட்டீங்களா?"

"அதான் சாவி குடுத்தேனே மேடம், நின்னிருக்குமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். நல்ல பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று தங்கச்சி சிந்துவின் வலிப்பு மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயாமே! மாத்திரை வேளை தவறி அவளுக்கு வலிப்பு வந்தபோது கையில் திணித்ததும் அந்தப் பீரோ சாவியைத்தானாமே! போனில் அழுகிறாள்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்பு; தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. அதற்கு முன்னால் அந்தச் சாவியை எடுத்துப் பீரோவைத் திற. அவள் கையில் மாத்திரையைக் கொடு.

உன் மகள்,
மேகலா