கைப்பிடி இல்லாத மதகு

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைப் பெண் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அக்கா வீட்டிலும் எல்லாரும் சுகம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

தீப்பெட்டிக் கம்பெனி எரிந்து மூன்று நாள் வானம் கறுத்துக் கிடந்ததே, ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து தண்டவாளத்தில் ஆடு மேய்ந்ததே, உனக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்ததே, அந்த வருஷம் நான் கால்வாய் துப்புரவுப் படகில் இருந்தேன். லீவில் வரும்போது நீயும் மருமகளும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து அதே கால்வாயில் ராத்திரி கயாக் என்கிற துடுப்புப் படகு விடப் போகிறீர்கள், சனிக்கிழமைக்குப் பதிவும் செய்தாயிற்று என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அந்தத் தண்ணீரில் நான் அள்ளாதது எதுவும் இல்லை, ஊறின மெத்தை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, சலூன் மயிர், வயிறு உப்பிய நாய். வேலை முடிந்து வந்தால் உன் அம்மா வாசலிலேயே நிறுத்தி இரண்டு வாளி ஊற்றாமல் உள்ளே விடமாட்டாள், என் சட்டைக்குத் தனிக் கயிறு கட்டியிருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும்.

முந்தாநாள் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். படகா அது, வாழைமட்டை மாதிரி பிளாஸ்டிக்கில் ஒன்று, அடியில் விளக்கு வேறு, சாக்கடைக்கு அலங்காரம். ஒருவர்மேல் ஒருவர் துடுப்பால் தண்ணீர் அடித்து விளையாடுகிறார்கள். ஒரு அம்மாள் கையை நனைத்து அதே கையால் முன்மயிரை ஒதுக்கிக்கொண்டாள், பின்னால் இருந்தவர் அதே ஈரக் கையால் பிஸ்கட் எடுத்துத் தின்றார். எழுதுகிற இந்தப் பெண்ணும் அந்தக் கூட்டம்தான். இப்பத் தண்ணி ரொம்ப சுத்தம் தாத்தா, நான் மூணு வாட்டி போயிருக்கேன், எனக்கு என்ன ஆச்சு என்கிறாள். அதையும் எழுதிக்கோம்மா, முதல்ல கையைக் கழுவிட்டு வந்து எழுது என்றேன்.

நாற்றத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலே இருக்கிற மதகை எப்போது திறப்பார்கள் என்று அவர்கள் தலைவனிடம் கேட்டேன், அதெல்லாம் போன்லயே வந்துடும் தாத்தா என்று தோளில் தட்டினான். இப்போது இருக்கிற மதகுக் காவலாளியிடம் போனேன், ராத்திரி ஆளுங்க படகுல போறாங்களா, யார் சொன்னது என்று என்னையே திருப்பிக் கேட்டான். இப்போது எங்கோ ஒரு ஆபீசில் பொத்தானை அமுக்குகிறார்களாம்.

எங்கள் காலத்தில் மதகைத் திருக ஒரே ஒரு இரும்புக் கைப்பிடி. நாங்கள் கீழே இறங்கினால் அதைப் படகிலேயே எடுத்துப் போவோம், ஏறி வந்தபிறகுதான் சுவர்க் கொக்கியில் மாட்டுவோம். கொக்கியில் கைப்பிடி இருந்தால் படகு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வருஷம் ஒரு ராத்திரி இடுப்பு பிடித்துக்கொண்டது, அவ்வளவு கனத்தை யார் சுமப்பது என்று நான் அதைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். மேலே மழை, அந்நாளில் மதகைத் திறந்து மூடுகிற மதகுக்காரன் கொக்கியில் கைப்பிடியைப் பார்த்தான், எடுத்துத் திறந்தான். படகில் நெட்டையன், பாட்டுக்காரன், நான். பாட்டுக்காரனும் நானும் சுவர்ச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினோம். நெட்டையனை மறுநாள் நான்தான் கொக்கி போட்டு இழுத்தேன், நாயை இழுப்பேனே, அப்படி.

விசாரணையில் கேட்டார்கள். கைப்பிடியை வைத்துவிட்டுக் கீழே போகிறோம், திறக்காதே என்று மதகுக்காரனிடம் சொன்னேன், அவன் காதில் விழவில்லை என்றேன். அவனுக்குக் காது மந்தம், எல்லாரும் நம்பினார்கள். அவனே நம்பிவிட்டான். அவனுக்கு வேலை போயிற்று. அந்தத் தண்ணீரைவிட எனக்கு அருவருப்பு என் வாய்தான். உன் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. உன்னைத் தண்ணீரில் இறங்காமல் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள், எழுதும்மா என்கிறேன்.

நீயும் மருமகளும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் பதிவை ரத்து செய். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என்னோடு வா, ரயில்வே கேட்டுக்குப் பின்னால் மகள் வீட்டு மாடியில் ஒருவன் இருக்கிறான், அவனைப் பார்க்கப் போக வேண்டும். நான் சொல்வதை நீதான் அவன் காதோரம் கத்திச் சொல்ல வேண்டும், என் குரல் இப்போது எட்டாது. நெட்டையன் அன்றைக்கே போனான், பாட்டுக்காரன் போன வருஷம் போனான். என்னை விட்டால் அந்த ராத்திரி ஆட்களில் உயிரோடு மிச்சம் இருப்பது மதகுக்காரன் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா (கைநாட்டு)