மூன்று நாள் சாவு லீவு

என் ஆசை மச்சானுக்கு, மைக் கிடைத்தால் திருப்பித் தராத பாண்டிக்கு,

நீ போய் ஐந்து மாதம் முடியப்போகிறது. என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கம்பெனி பஸ் ஒரகடத்தில் இறக்கிவிட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு தண்டலம் வரை போகிறேன். அங்கிருந்து திரும்பி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போகிறேன். எதற்கு என்று கேட்காதே. பெட்ரோல் முள் கீழே இறங்கினால்தான் வீட்டு ஞாபகம் வருகிறது.

நம் மியூசிக் பேண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப் பாடகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஜோசப் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிறான். மூன்றாவது பாட்டிலேயே அவனுக்கு மூச்சு வாங்குகிறது. கேட்கிறவர்கள் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. நாம் நாலு பேர், நாலு கம்பெனி. சொந்தமாக ஒரு பாட்டுகூடக் கிடையாது. என்றைக்கோ இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு ஹெவி மெட்டல் குழுவின் பாட்டுகளை அதே கிட்டார், அதே கூச்சல், அதே நீள முடியோடு மேடையில் போடுவதுதான் நம் பிழைப்புக்கு வெளியே நமக்கு இருந்த வாழ்க்கை. முடி மட்டும் விக். மெஷினில் சிக்கும் என்று கம்பெனியில் முடி வளர்க்க விடமாட்டார்கள் அல்லவா?

நீ கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாய். என் கிட்டார் சத்தம் கேட்டு, சண்டை போடத்தான் இறங்கி வந்தாய். பிறகு பாட ஆரம்பித்தாய், பிறகு என் தங்கச்சி கலாவைக் கட்டிக்கொண்டாய். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மேடைத் தரையில் ஒட்டி வைத்துப் பாடுவாய். பாதிக்கு அர்த்தம் தெரியாது. பெங்களூர்ப் பையன்கள் உன்னிடம் வந்து எந்த கான்வென்ட் என்று கேட்பார்கள்.

பாட்டைவிட நமக்குக் கஷ்டமாக இருந்தது லீவு. பெங்களூர், கோயம்புத்தூர், சேலம், எங்கே கூப்பிட்டாலும் சனிக்கிழமைதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை என்றால் எந்த சூப்பர்வைசரும் விடமாட்டார். கல்யாணம் என்றால் பத்திரிகை கேட்பார்கள், காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். சாவு என்றால் மட்டும் எதுவும் கேட்காமல் போ என்பார்கள். அப்படித்தான் நாம் சொந்தக்காரர்களைச் சாகடிக்க ஆரம்பித்தோம். ஒரே ஆளை இரண்டு முறை சாகடித்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஜோசப் வேனில் ஒரு நோட்டு வைத்திருந்தான். யாருடைய பெரியப்பா எந்த ஊர்க் கச்சேரிக்குச் செத்தார் என்று எல்லாம் அதில் இருக்கும்.

போன ஆவணியில் பெங்களூர் போகிற வழியில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோமே, நினைவிருக்கிறதா? நோட்டில் எனக்கு ஒருவரும் மிச்சமில்லை. பாட்டனார் இரண்டு பேர், சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று எல்லாரையும் தீர்த்துவிட்டிருந்தேன். நீதான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாய்.

"என்னையவே போட்டுருலே மாப்ள. தங்கச்சி புருசன் செத்துட்டாம்னு சொல்லு. நான் பக்கத்துலயே நின்னு அழுதுருதேன்."

சொன்னேன், மச்சான். என் சூப்பர்வைசர் தாமோதரன் சாருக்கு போன் போட்டு, என் வாயால் சொன்னேன். பக்கத்தில் நீ வாயில் துண்டை வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாய். டீக்கடைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டு வந்தார். "சின்ன வயசாச்சேப்பா, தங்கச்சிய பாத்துக்கோ" என்று சொல்லி, கேட்காமலேயே மூன்று நாள் லீவு கொடுத்தார் சார். அன்றைக்குச் சாயங்காலம் நீ பாடிய மாதிரி அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை.

ஏழு மாதம் கழித்து, பட்டப்பகலில், இரண்டாவது ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த உன்மேல் ஒரு டிரெய்லர் லாரி ஏறியது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதே நம்பருக்கு போன் போட்டேன். தங்கச்சி புருஷன் செத்துவிட்டான் என்றேன். தாமோதரன் சார், "இன்னாடா செல்வம், உன் தங்கச்சிக்கு எத்தினி புருசன்?" என்றார். அவர் மேல் என்ன தப்பு? நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கே வந்தார். பொய்யா என்று பார்க்க வந்தாரோ, மனசு கேட்காமல் வந்தாரோ தெரியாது. கையில் மாலை இருந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "உன் தங்கச்சி புருசன் அப்பவே தவறிட்டார்னு சொன்னியேப்பா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். உன் தலைமாட்டில் இருந்த கலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெங்களூர், டீக்கடை, லீவு, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. ஒரே வீடுதான். அவள் மாடியில், நான் கீழே. எனக்குச் சோறு அம்மா கையில் வரும். படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

கம்பெனி லைனில் நின்று நட்டு முடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். நான் வாயால் சொன்னதுதான் பலித்துவிட்டதா? ஜோசப் என்னைப் பைத்தியம் என்கிறான். நாம் சாகடித்த சித்தப்பா இன்னும் கல்லு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறார் என்கிறான். புத்திக்குப் புரிகிறது. ஆனாலும் மனசு அடங்குகிறதா? அந்த நோட்டை வேனிலிருந்து எடுத்து நானே கிழித்துப் போட்டேன்.

இப்போது ஓசூரில் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை. திங்கட்கிழமை நேராக தாமோதரன் சார் முன்னால் போய் நின்றேன்.

"சார், யாரும் சாவல. எனக்கு ஒரு பேண்ட் கீது. ஓசூர்ல வாசிக்கணும், லீவு வேணும்."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "பாட்டு கச்சேரிக்கெல்லாம் லீவு தர முடியாதுப்பா" என்றார். சரி சார் என்று திரும்பி நடந்தேன். பத்தடி போனதும் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை ரெண்டு ஷிஃப்ட் சேத்து பாத்துடு. சனிக்கு வேற ஆள போட்டுக்கிறேன்" என்றார். அதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா மச்சான்? ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாமே நாம்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அவுரு செத்துட்டாருன்னு நீ சொன்னதுக்குதான் நான் பேசலன்னு நெனச்சிகினு கீறியா?"

"பின்ன?"

"பெங்களூர் போன அன்னிக்கு எங்கிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டு போனாருண்ணா. வருவாரு வருவாருன்னு மீன் கொழம்பு வெச்சிகினு குந்திகினு இருந்தேன். சூப்பர்வைசருக்கு ஒரு பொய்யி, எனக்கு ஒரு பொய்யி. நாலு வருசம் குடும்பம் பண்ணேன். அவுரு பாடி ஒரு வாட்டி நேர்ல பாத்தது இல்ல. ஊர்ல கீறவன்லாம் பாத்தான். என்னை மட்டும் இன்னாத்துக்கு கூட்டிகினு போவல?"

ஐந்து மாதம் நான் என்னென்னவோ நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. உன் மானத்தை வாங்க வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, விக்கைச் சுழற்றிக்கொண்டு ஆடுகிறவனைப் பெண்டாட்டி பார்த்துவிட்டால் அப்புறம் வீட்டில் மரியாதை இருக்காது என்று நீ பயந்தாய் என்றேன்.

கலா என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள்.

"மை எங்க போவுதுன்னு எனக்கு தெரியாதா? பத்து நாள்ல டப்பி காலியாயிடும். அவுரு கேக்க வெக்கப்படுவாருன்னுதான் நான் எப்பவும் ரெண்டா வாங்கி வெப்பேன்."

அதைச் சொல்லி முடித்ததும்தான் அழுதாள், மச்சான். நானும் அழுதேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, நீ கூப்பிடுவாய் என்று காத்திருக்கிறாள். உனக்கு அது தெரியாமலே போய்விட்டதே!

"ஓசூருக்கு நானும் வரேன்" என்றாள். வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் கச்சேரியா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவுரு கச்சேரிதானேம்மா" என்றாள் கலா. அம்மா அவள் வைத்துவிட்டு வந்த பக்கெட்டை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போனாள்.

ஆகவே சனிக்கிழமை வேனில் கலாவோடு சேர்த்து நாலு பேர் போகிறோம். நீ கடைசியில் பாடுகிற அந்த நீளமான பாட்டை இந்த முறை நான் பாடப்போகிறேன். என் குரல் உனக்குத் தெரியும், பாதியில் உடையும். உடையட்டும். முடிந்ததும் கீழே இறங்கி அவளிடம் போய், இது ஒன்றுமே இல்லை, அவன் பாடினால் வேறு மாதிரி இருக்கும் என்று சொல்வேன். எப்படி என்று கேட்பாள். ஒவ்வோர் ஊராக, ஒவ்வொரு மேடையாக, அவள் போதும் என்கிற வரைக்கும் சொல்வேன். கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை மட்டும் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
கலா மறுபடியும் "அண்ணா" என்று கூப்பிடுகிற செல்வம்