பின்கண்ணாடியில் அம்மா

அன்பு மகள் சுடர்விழிக்கு,

வலங்கைமானிலிருந்து அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லையம்மா. போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இருமலும் இரைப்பும் நிற்கவில்லை என்று அம்மாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். நுரையீரல் கெட்டது கெட்டதுதான், இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. வீட்ல விறகடுப்பா, ஐயா பீடி குடிப்பாங்களா என்று கேட்டார். அதெல்லாம் இல்லீங்க, அவங்க தங்கமானவங்க என்றாள் உன் அம்மா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரியும், ஆறு வருஷமாக அவள் ராஜராஜனின் ஸ்கூல் வேனில் ஆயாவாகப் போய்க்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டு. பின்கதவு சரியாக மூடாது, புகையெல்லாம் உள்ளேதான் வரும். அந்த வேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புகைச் சான்றிதழ் கொடுத்தது யார்? உன் அப்பன்தான். காலையில் பிள்ளைகளோடு நம் புகைப் பரிசோதனைக் கடை முன்னால் ராஜராஜன் வந்து நிற்பான், ஸ்கூலுக்கு நேரமாச்சுண்ணே என்பான். பக்கத்து மெக்கானிக் கடையில் நிற்கிற நல்ல வண்டி ஒன்றின் புகைக்குழாயில் கருவியைச் சொருகிவிட்டு, இவன் வேனைப் பின்னாலிருந்து போட்டோ எடுத்து, அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன், பாவி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பழையதையெல்லாம் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு சான்றிதழ். பன்னிரண்டு போட்டோவிலும் பின்கண்ணாடியில் உன் அம்மா இருக்கிறாள். எடுத்தவன் நான், நம்பர் பிளேட் தெளிவாக விழுந்ததா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போன திங்கட்கிழமை ராஜராஜன் மறுபடி வந்தான். முதல் தடவையாக அவன் வண்டியிலேயே சொருகினேன், அளவு எங்கேயோ போய் நின்றது. தர மாட்டேன் என்றேன். என்னண்ணே புதுசா என்று கோபித்துக்கொண்டு போனவன், மறுநாளே வேறெங்கோ வாங்கிவிட்டான். உடம்பைக் காரணம் சொல்லி உன் அம்மாவை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டேன், கடைசி சீட்டில் இப்போது வேறொரு ஆயா. உன் அம்மாவோ, புள்ளைங்க என்னைத் தேடுமேங்க என்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, தைரியமில்லை.

பேத்தியை ஸ்கூல் வண்டியில் கடைசி சீட்டில் உட்கார விடாதே, மறந்துவிடாதே. மூவரும் நல்ல மூச்சோடு நூறு வயது இருக்க வேண்டும்.

அம்மா போட்டோ ஒன்று கேட்டிருந்தாய். சமீபத்தில் எடுத்தது வேறெதுவும் வீட்டில் இல்லை. என்னைப் பார்த்துக் கையாட்டிச் சிரிக்கிற ஒன்றை வெட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். கீழே நம்பர் பிளேட் கொஞ்சம் தெரியும்.

உன் அப்பா,
தங்கையன்