நீ டிபன் பாக்ஸ் கழுவாத மாதங்கள்

இன்று காலை வடக்கேயிருந்து ஒரு கல்யாண வீட்டார் கடைக்கு வந்திருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு ஒன்றை எடுத்து, என்மேல் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வழக்கம்போல் முந்தியை இடது தோளில் போட்டேன். அந்த அம்மாள் தலையை ஆட்டி, தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் ஊரில் அப்படித்தான் கட்டுவார்களாம். வலது தோளுக்கு மாற்றிப் போட்டு எதிர்க் கண்ணாடியைப் பார்த்தேன். அதோடு எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்துக் கவுண்டர்க்காரியைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. கடைக்கு வந்த கடைசி ஆறு மாதமும் நீ வலது தோளில்தான் முந்தியைப் போட்டுக் காட்டினாய். இடது மார்பில் கட்டி. இடது கையை நீட்டி முந்தியை விரித்துப் பிடிக்க உன்னால் முடியவில்லை. நானோ, “இன்னாடி, சேட்டம்மா ஆயிட்டியா” என்று கேலி செய்தேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். எதிரெதிர் மெத்தையில் பதினோரு வருடம் உட்கார்ந்து புடவை விற்றோம். மாமியார் சண்டை முதல் மாதவிலக்குத் தேதிவரை என்னிடம் ஒப்பித்தவள், இதை மட்டும் மறைத்துவிட்டுப் போனாய். இந்த மடலை அன்பாகத் தொடங்கலாம் என்றுதான் பார்த்தேன். வரவில்லை. நீ எனக்குச் செய்தது துரோகம்.

எல்லாம் அந்தப் பயிற்சியில் ஆரம்பித்தது. சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து, கடை மொட்டைமாடியில் பந்தல் போட்டு, நம் முப்பது பேரையும் உட்கார வைத்தார்கள். ஒரு இலக்கை எழுதுங்கள், கண்ணாடியில் ஒட்டுங்கள், அது நடந்துவிட்டதாகவே நினையுங்கள், எதிர்மறையான சொல் எதுவும் வாயில் வரக் கூடாது என்றார் அவர். பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. படி இறங்கும்போது சொன்னாய்: “உனக்கு இன்னா வேணும்னு நம்மள யாருமே இதுவரைக்கும் கேட்டதில்லபா.”

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ப்ளஸ் டூ பாஸ் பண்ண வேண்டும் என்று எழுதினேன். ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு தனியாக வேலைக்கு வர வேண்டும் என்று நீ எழுதினாய். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பிதுங்கி வந்து இறங்கும்போதெல்லாம் உன் புடவை மடிப்பு கலைந்திருக்கும். அதற்காகவே மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்குவாய்.

மற்றவர்கள் ஒரே வாரத்தில் மறந்தார்கள். நாம் மட்டும் பிடித்துக்கொண்டோம். அதிலும் நான்தான் பெரிய சட்டாம்பிள்ளை. முடியாது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, இதில் எதைச் சொன்னாலும், சொன்னவள் அன்றைக்கு இரண்டு பேர் டிபன் பாக்ஸையும் கழுவ வேண்டும் என்று விதி போட்டேன். சாப்பாட்டு முறை நமக்கு எப்போதும் கடைசியில்தான் வரும். குடோன் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆரம்பத்தில் தினமும் நீதான் கழுவினாய். உனக்கு வாய் நிற்காது. வெயில் என்பாய், கால் கடுக்கிறது என்பாய். நான் விரலை நீட்டி “நெகடிவ்” என்பேன். தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போவாய்.

அந்த விளையாட்டால் எனக்கு நல்லது நடந்தது. அதை மறைக்க மாட்டேன். முப்பத்தெட்டு வயதில் தனித்தேர்வராகப் பணம் கட்டினேன். பொருளாதார கைடு பஸ்ஸிலும் அடுப்படியிலும் கூடவே வந்தது. நம்மால் ஆகும் என்று நினைக்க நினைக்கப் படிப்பு மண்டையில் ஏறத்தான் செய்தது. நீயோ, போன வருடம் வைகாசி முகூர்த்தத்துக்குப் பிறகு, ஒரு நாள்கூட டிபன் பாக்ஸ் கழுவவில்லை. வெயில் என்று சொல்வதில்லை, கால் என்று சொல்வதில்லை. விளையாட்டில் தேறிவிட்டாய் என்று நினைத்தேன். எல்லோரிடமும் பெருமையாகவும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏனாத்தூரில் எங்கள் வீட்டுப் பக்கம் காலேஜ் ரோட்டுக்கு உன்னை வரச் சொல்வேன், ஸ்கூட்டி பழக. ஆடி மாதம் ஒரு நாள், ஹேண்டிலைப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே முகமெல்லாம் வியர்த்து வண்டியை நிறுத்திவிட்டாய். இனிமேல் வரவில்லை என்றாய். அங்கேயே, புளியமரத்தடியில் நிற்க வைத்து, அரை மணி நேரம் உனக்குப் பிரசங்கம் பண்ணினேன். எண்ணம் தளர்ந்தால் எல்லாம் தளர்ந்துவிடும் என்றேன். நீ சரி சரி என்று கேட்டுக்கொண்டாய்.

தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் வேலைக்கு வருவதை நிறுத்தினாய். செய்யாற்றில் அம்மா வீட்டில் இருக்கிறாய், ரத்தம் குறைச்சல், ரெஸ்ட் என்றாய். வந்து பார்க்கிறேன் என்றால் வேண்டாம் என்பாய். போன் போட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: “நல்லா இருக்கேன்பா. நீ படி.” உண்மையில் அப்போது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருக்கிறாய். தை மாதக் கடைசியில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். உன்னைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊரெல்லாம் வந்து நிற்கிறது, எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்று அதை உன் வீட்டுக்காரரிடமே கொட்டினேன். வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார் அவர். என்னிடம் ஏன் மறைத்தீர்கள், நான் யார் உங்களுக்கு என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

“எங்கிட்டயே தீபாவளிக்கு அப்புறம்தாம்மா சொன்னா. உங்கிட்டதான் மொதல்ல சொன்னாளாம். நல்லதையே நினை, கரைஞ்சிடும்னு நீ சொன்னியாம். அத நம்பிக்கினுதான் இருந்தேன்னு சொன்னா.”

நான் இல்லவே இல்லை என்றேன். அவர் அடுத்த நாற்காலியை எடுத்தார். பஸ் ஏறி, பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. அத்தனை நாளும் அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். வைகாசி முகூர்த்தக் கூட்டம். நான்கு மணிக்கு மேல் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குத் தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். மடியில் கைடு. நீ பாக்ஸைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: “உங்கிட்ட ஒன்னு சொல்லணும்பா. மார்ல இங்க கெட்டியா இன்னாமோ இருக்குது. பயமா இருக்குது.”

நான் கைடிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாயில் சோற்றோடு, “பயம்னு சொன்ன பாரு, நெகடிவ். நல்லதையே நினை, தானா கரைஞ்சிடும். போய் பாக்ஸ கழுவு” என்றேன்.

நீ எழுந்து போய்க் கழுவினாய். அதுதான் நீ கடைசியாகக் கழுவியது.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி என்பார்களே, அது நான்தான். ஆனால் உன்னையும் விட மாட்டேன். ஒரு வார்த்தை சொன்னேன், அதோடு வாயை மூடிக்கொண்டாயே, ஏன்? புடவையைப் பிடிக்கவில்லை என்று எழுந்து போகிற வாடிக்கையாளரை வாசல்வரை போய்ப் பேசியே திருப்பிக் கூட்டி வந்து உட்கார வைக்கிறவள் நீ. என்னிடம் மட்டும் இரண்டாவது தடவை கேட்க உனக்கு வாய் இல்லையா? கைடைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். பத்தாவதைத் தாண்டாதவள் சொன்னதை டாக்டர் சொன்னதுபோல் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் வலியோடு நின்றிருக்கிறாய். என்னை அவ்வளவு நம்பினாயே, அதைத்தான் துரோகம் என்கிறேன்.

மார்ச்சில் பரீட்சை எழுதினேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கை தானாக எழுதியது. மே மாதம் பாஸ் என்று வந்தது. நினைத்ததைச் சாதித்துவிட்டாய் என்று கடையில் கேசரி போட்டார்கள். போன வாரம் மறுபடியும் மாடியில் பயிற்சி. இந்தத் தடவை என்னையே முன்னால் நிறுத்தி, எண்ணத்தால் ஜெயித்த கதையைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். என் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உன் கதையைச் சொன்னேன். அந்தப் பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். கடைசியில் யாரும் கை தட்டவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு, கடையைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார். “எனக்கும் ரெண்டு மாசமா இங்க ஒன்னு இருக்குதுமா” என்றார். எங்கே, எவ்வளவு பெரிது, வலி இருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மறுநாள் லீவு போட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். வெளி மாவட்டத்துக்காரர்களெல்லாம் விடியற்காலையில் வந்து வரிசையில் நிற்கிற அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி நம் ஊரிலேயேதான் இருக்கிறதுடி. சோதித்துப் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்து, வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

திரும்பி வரும்போது அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் பஸ் ஏறிப் போனோம், திரும்பிக் கடை வாசலிலேயே இறங்கினோம். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். நீ இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். நான் ஒரு தடவை கேட்டிருந்தால் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டுதான் தினமும் வேலைக்கு வருகிறேன்.