உப்பில்லாத கூழ்

விழுப்புரம், 1947, மாசி 14.

இன்று செல்லம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

பட்டாளத்தில் இருந்தபோது பெண் சகவாசத்தால் எனக்கு மேகநோய் வந்தது. புண் ஆறியதும் தீர்ந்தது என்று நினைத்து இவளைக் கட்டினேன். இரண்டு பிள்ளைகள் செத்துப் பிறந்தன. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் உடம்பில் தடிப்பு வந்ததும் பக்கத்து ஊர் காணையின் நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்து, உப்பு ஆகாது என்றார். அந்தப் பத்தியத்தை மயிலம் முருகனுக்கு விரதம் என்று இவளிடம் பொய் சொன்னேன். பிள்ளைக்காக என்று நம்பி இவளும் உப்பைத் தொடவில்லை.

நேற்று திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டர், நோய் போகவில்லை, பெண்சாதிக்கும் இருக்கும், ஊசி போடக் கூட்டிவா என்றார்.

சாயங்காலம் கூழ் ஊற்றும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"ரெண்டும் செத்துப் பொறந்தது இதனாலயா?"

"இருக்கும்னாரு டாக்டரு."

"புள்ளைய முழுங்கினவன்னு உங்கம்மா என்னைப் பேசறப்ப, நீ கேட்டுக்கினுதானே இருந்தே?"

அவள் உப்புச்சட்டியை எடுத்துத் தன் கூழில் மட்டும் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தாள்.

"காலையில திண்டிவனம் வண்டிக்கு நானும் வர்றேன்" என்றாள்.

அவள் தாய்வீடும் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கா, அங்கேயா என்று கேட்கப் பயந்தேன்.

இப்போது தூங்குகிறாள். ஊசி போட்டுக்கொண்டு திரும்ப, கட்டிய புடவை போதும். தலைமாட்டில் அவள் கட்டி வைத்திருக்கும் துணிமூட்டை பெரிதாக இருக்கிறது.